கூடுதலாக வந்த ஒரு லட்சம்

மருதாசலம் முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். குன்னூர்–கோத்தகிரியில் பாதி, குன்னூர்–மேட்டுப்பாளையத்தில் மீதி என்று அவருடைய வேலைக்காலம் முழுவதும் மலை வளைவுகளிலேயே கழிந்தது. ஓய்வு பெற்றபோது இரண்டு முழங்கால்களும் தேய்ந்திருந்தன. பை தொங்கிய வலது தோள் மற்றதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் போதும், அவர் உதடு தானாக அசைந்து தலைகளை எண்ணிவிடும். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

கூடுதல் பணம் என்றாலே அவருக்கு ஒரு தனிப் பயம் உண்டு. நடத்துநர் பையில் பத்து ரூபாய் குறைந்தால் பெரிய விஷயமில்லை. சொந்தக் காசைப் போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பத்து ரூபாய் கூடியிருந்தால்தான் வம்பு. யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருடம், பர்லியாறு பக்கம் பரிசோதகர்கள் ஏறிப் பையை எண்ணினார்கள். நாற்பத்தேழு ரூபாய் கூடுதலாக இருந்தது. மீதிச் சில்லறையை வாங்காமல் இறங்கிப் போனவர்களுடைய காசு அது. சொன்னால் நம்புவாரில்லை. விளக்கக் கடிதம் எழுதியும் விசாரணைக்கு அலைந்தும் ஆறு மாதச் சம்பள உயர்வு நின்றுபோனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நடை முடிந்ததும் வண்டியிலேயே உட்கார்ந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்க இறங்குவார்.

அவர் பிறந்தது எஸ்டேட் லைன் வீட்டில். பொள்ளாச்சிப் பக்கமிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பம். அப்பாவுக்கு வேலைக்காலம் முடிந்த மாதமே அந்த ஒற்றை அறையைக் காலி செய்துகொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் பாத்திர மூட்டையோடு சாலையோரத்தில் லாரிக்குக் காத்து நின்றது மருதாசலத்துக்கு நன்றாக நினைவிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வாடகை வீடு. மனைவி தேவி தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். ஒவ்வொரு தடவை வீடு மாற்றும்போதும் அவள் ஒன்றும் பேசமாட்டாள், ஆணி அடித்த இடங்களை மட்டும் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டு வருவாள். மகளைப் பெருந்துறையில் கட்டிக்கொடுத்தாயிற்று. பணிக்கொடையும் சேமநிதியும் கைக்கு வந்தபோது, இனி ஏழாவது வாடகை வீடு வேண்டாம் என்று இரண்டு பேருமே முடிவு செய்தார்கள்.

வீடு வெலிங்டன் பக்கத்துச் சரிவில் அமைந்தது. சாலையிலிருந்து நாற்பத்து மூன்று படி கீழே இறங்க வேண்டும். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் செங்குத்தான மண்சரிவு. பேக்கரி வைத்திருந்த இசக்கி என்பவருடையது அது. தென்காசிப் பக்கத்துக்காரர். குளிர் நெஞ்சுக்கு ஒத்துவரவில்லை என்று கடையைக் கைமாற்றிவிட்டுச் சொந்த ஊருக்கே போகவிருந்தார். விலை இருபத்தொரு லட்சம் என்று பேசி முடித்தார்கள். பத்திர வேலைகளைக் குன்னூரில் வக்கீல் ஜெஸிந்தா பார்த்துக்கொடுத்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் கறார், கட்டணத்தில் நியாயம் என்று பெயர் எடுத்தவர்.

இசக்கியின் இடம் பெரிய சர்வே எண் ஒன்றின் ஒரு துண்டாக இருந்தது. அளந்து, தனியாகப் பிரித்து, மருதாசலம் பெயருக்குப் பட்டா வர நாலைந்து மாதமாகும். அதனால் பத்தொன்பதரை லட்சத்தைப் பதிவு நாளன்றே இசக்கியிடம் கொடுத்துவிடுவது, மீதி ஒன்றரை லட்சம் வக்கீலிடம் இருப்பது, பட்டா வந்ததும் வக்கீல் அதை இசக்கிக்கு அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. அந்த ஒன்றரை லட்சம், முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், வக்கீல் கட்டணம், சில்லறைச் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று லட்சத்து எண்பதாயிரத்தை மருதாசலம் ஜெஸிந்தாவின் கணக்கில் கட்டினார். செலவு போக மிஞ்சுவது அவருக்குத் திரும்பி வரும்.

மே மாதம் பத்திரம் பதிவானது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினார்கள். ஜூன் முதல் வாரம் மார்க்கெட்டில் காரட் வாங்கிக்கொண்டிருந்தபோது மருதாசலத்தின் போனில் வங்கிச் செய்தி வந்தது. வக்கீல் கணக்கிலிருந்து ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூறு ரூபாய் வரவு.

அவர் மனக்கணக்குப்படி பதினாறாயிரம் சொச்சம்தான் வரவேண்டும். பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பும்போதே, படியிறங்கி வீட்டுக்குள் நுழைவதற்குள் கூட்டிக் கழித்து வைத்திருந்தார். செய்தியை இரண்டு தடவை படித்தார். முத்திரைத்தாளுக்கான அரசாங்க மதிப்பு குறைந்திருக்கலாம், கட்டணத்தில் ஏதாவது சலுகை கிடைத்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதா, தோன்ற வைத்துக்கொண்டாரா என்பது பின்னால் அவருக்கே பிடிபடவில்லை. மறுநாள் வக்கீல் அலுவலகத்துக்குப் போனார். அங்கே தட்டச்சு செய்கிற பிரிஸில்லா என்ற பெண் கணக்குத்தாளை நீட்டி, "செக் பண்ணிட்டு கீழ சைன் போடுங்க அங்கிள்" என்றாள். 'சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே மருதாசலம் கையெழுத்துப் போட்டார். தாளின் மேல்பாதியில் கண்ணை ஓட்டவே இல்லை. தன் பிரதியை நாலாக மடித்துப் பத்திரக் கவருக்குள் வைத்தார்.

அந்தப் பணத்தோடு கையிலிருந்த நாற்பதாயிரத்தையும் சேர்த்து, வீட்டுப் பின்பக்கச் சரிவுக்குத் தடுப்புச்சுவர் எழுப்பினார். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று கொத்தனாரை விரட்டி, கருங்கல் ஏற்றி, நாற்பத்து மூன்று படியும் கழுதைமேல் சுமை இறக்கி, செப்டம்பரில் வேலை முடிந்தது. ஒன்பதடி உயரச் சுவர். தண்ணீர் வடிய இடைக்கிடையே குழாய் வைத்திருந்தார்கள். அந்த வருடம் மழை வந்தபோது குழாய்களில் செம்மண் நீர் ஊற்றியது. சுவர் அசையவில்லை. தேவி சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடி சப்பாத்தி தேய்ப்பாள்.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, தூறலில் குடையோடு ஜெஸிந்தா படியிறங்கி வந்தார். முன்கூட்டியே போன் செய்திருந்தார், என்ன விஷயம் என்று மட்டும் சொல்லவில்லை. தேவி கொடுத்த டீயைப் பாதி குடித்துவிட்டு, கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணா, நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்க கணக்குல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இசக்கி சாருக்கு நிறுத்தி வெச்சது ஒன்றரை லட்சம். ஷீட்ல அது வெறும் அம்பதாயிரம்னு ஏறியிருக்கு. முன்னாடி இருக்கற ஒண்ணு விட்டுப்போச்சு. அதனால ஒரு லட்சம் உங்களுக்குக் கூடுதலாத் திரும்பி வந்திருச்சு."

மருதாசலம் தாளைத் தொடவில்லை.

"அப்போ அம்மாவுக்குக் கோயமுத்தூர்ல ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து போன்லயே கணக்கப் போட்டு அனுப்பினேன். அதச் சாக்காச் சொல்லல. தப்பு என்னுதுதான். செப்டம்பர்ல பட்டா வந்ததும் இசக்கி சாருக்குக் குடுக்கலாம்னு பார்த்தா அம்பதாயிரம்தான் இருக்கு. அத அனுப்பிட்டு, மீதிய ஆறு வாரமாத் தேடிட்டிருந்தேன். முந்தாநாள்தான் கண்டுபிடிச்சேன்."

"இப்ப என்ன பண்ணோணும்ங் மேடம்?"

"அந்த ஒரு லட்சம் திருப்பி வேணும்ண்ணா. அது வீட்டு விலையோட பாக்கி. இசக்கி சாருக்குச் சேரவேண்டியது."

வெளியே சுவர்க் குழாய்களில் தண்ணீர் வடியும் சத்தம் கேட்டது. மருதாசலம் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "பணமா இல்லீங் மேடம். பூராவும் அந்தச் செவுத்துலதான் இருக்குது."

ஜெஸிந்தா ஜன்னலருகே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்க" என்று கணக்குத்தாளின் நகலை விட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு படியேறினார். அவர் மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நின்றதை மருதாசலம் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் வேலுமணியைச் சந்தித்தார். வேலுமணி ஓய்வு பெற்ற ஓட்டுநர். பதினோரு வருடம் இரண்டு பேரும் ஒரே வண்டி. மருதாசலம் சொல்லி முடிக்கும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஒத்த பைசா குடுக்காத மருது. கணக்கு முடிஞ்சுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாளா இல்லியா?"

"குடுத்தாங்க."

"பதினஞ்சாயிரம் பீஸு வாங்கினது எதுக்கு? கணக்கு பாக்கத்தானே? தப்பு பண்ணினது அவ. அவ கையில இருந்து போட்டுக் குடுக்கட்டும். நாம ஒரு வளைவுல வண்டிய ஒரசிட்டா நம்ம சம்பளத்துல புடிச்சாங்களா இல்லியா? அப்ப யாராச்சும் வந்து பாவம்னு சொன்னாங்களா?"

அதில் நியாயம் இருந்தது. மருதாசலத்துக்கு அது தித்திப்பாகவும் இருந்தது. சரிதான், அவரவர் வேலையில் வந்த நட்டத்தை அவரவர்தானே தாங்குகிறோம் என்று ஒரு டீ முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் இரண்டாவது டீ வருவதற்குள் வேறொன்று தோன்றிவிட்டது. அந்தப் பணம் வக்கீலுடையது இல்லை. அது இசக்கியினுடைய வீட்டின் விலை. இருபத்தொரு லட்சத்துக்குப் பேசிய வீட்டில் இருபது லட்சம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கிறோம். வேலுமணி சொன்னபடி விட்டுவிட்டால் வக்கீல் கொடுப்பார், இசக்கிக்கும் வந்துவிடும். ஆனால் தன் வீட்டுக்கான ஒரு லட்சத்தை ஜெஸிந்தா கட்டியதாக ஆகும். அதைச் சொல்ல வாயெடுத்தார். வேலுமணி அதற்குள் வண்டியை உரசிய பழைய கதை ஒன்றுக்குப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மேசைமுன் உட்கார்ந்து, ஐந்து மாதத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்குத்தாளை மேலிருந்து வரி வரியாகப் படித்தார். இசக்கிக்கு நிறுத்திய தொகை ஐம்பதாயிரம் என்று மூன்றாவது வரியிலேயே இருந்தது. ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், அன்றைக்கே தெரிந்திருக்கும். சில்லறைச் செலவுப் பட்டியலுக்கு வந்தபோது விரல் நின்றது. வில்லங்கச் சான்றுக்கும் நகல்களுக்குமான ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய் இரண்டு இடத்தில் ஏறியிருந்தது. பழைய டைரியின் பின்பக்கத்தில் முழுக் கணக்கையும் புதிதாகப் போட்டார். தனக்கு வந்திருக்க வேண்டியது பதினெட்டாயிரத்து இருநூற்றைம்பது. திருப்பித் தரவேண்டியது தொண்ணூற்றெட்டாயிரத்து நூற்றைம்பது.

தேவி வெங்காயம் உரித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார். "பணம் வந்தன்னிக்கே எனக்குத் தெரியும். இத்தன வராதுன்னு தெரியும். கேக்கோணும்னு நெனச்சேன். கேக்கல."

தேவி கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கும் தெரியும்ங்."

"உனக்கு எப்படி?"

"ஏனுங், பதிவு முடிஞ்சு வர்றப்ப படியில எறங்கிட்டே பதினாறாயிரம் வரும், பதினாறாயிரம் வரும்னு நாலு வாட்டி சொன்னீங்க. அப்பறம் கொத்தனாரக் கூட்டிட்டு வந்து ஒரு லட்சத்துச் சொச்சத்துக்குப் பேசறீங்க. நா என்ன கணக்குத் தெரியாதவளா?"

"அப்ப ஏன் கேக்கல?"

அவள் உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டா நீங்க அன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்துருவீங்க. செவுரு நின்னுபோயிரும். போன வருச மழைக்கு அந்தப் பக்கத்து ஊட்டுல மண்ணு எறங்கி அடுப்படி வரைக்கும் வந்துதுன்னு சொன்னாங்க. இந்த ஊட்டயும் உட்டுட்டு எங்க போறதுன்னு பயந்துட்டேன்ங். அதான் வாயத் தொறக்கல."

முப்பத்து நாலு வருடக் குடித்தனத்தில் ஒருவருக்கொருவர் மறைத்தது ஏதாவது இருந்தால் அது சேலை விலையும் சீட்டுப் பணமும்தான். இது அப்படிப்பட்டதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. தேவி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "எவ்வளவு இருக்குது இப்ப?" என்றாள்.

வங்கியில் முப்பதாயிரம் இருந்தது. தேவியின் சீட்டு எடுத்தது ஒன்பதாயிரம் இருந்தது.

திங்கட்கிழமை காலை மருதாசலம் வக்கீல் அலுவலகத்துக்குப் போனார். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் பிரிஸில்லா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, திரைதான். தொண்ணூற்றெட்டாயிரத்து நூற்றைம்பது என்று எப்படி வந்தது என்பதை முதலில் விளக்கினார். ஜெஸிந்தா அவர் டைரியை வாங்கித் தன் தாளோடு வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். "இதுவும் என் தப்புதான்" என்றார்.

"இன்னிக்கு முப்பத்தெட்டாயிரத்து நூத்தம்பது தர்றேனுங். மீதி அறுபது. மாசம் அஞ்சு அஞ்சாக் குடுத்தர்றேன். பன்னெண்டு மாசம்."

"போதும்ண்ணா. இசக்கி சாருக்கு முழுசும் நான் இன்னிக்கே அனுப்பிடறேன். நீங்க எனக்கு மெதுவாக் குடுங்க."

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். ஜெஸிந்தாவும் பேனாவை மூடிவிட்டார். மருதாசலத்துக்கு மட்டும் நாற்காலியை விட்டு எழ வரவில்லை.

"மேடம், இன்னொண்ணு. பணம் வந்தன்னிக்கே ஜாஸ்தின்னு எனக்குத் தெரியும்ங். தெரிஞ்சுதான் தாளைப் பாக்காம கையெழுத்துப் போட்டேன்."

அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தார் போலும். ஜெஸிந்தா அப்படிச் சொல்லவில்லை. முகம் இறுகிவிட்டது.

"அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா எவ்வளவோ மிச்சமாயிருக்கும்ண்ணா. ஆறு வாரம் நான் யாரச் சந்தேகப்பட்டேன் தெரியுமா? அந்தப் பொண்ண. பணம் அவ கை வழியா எங்கயோ போயிருச்சுன்னு நெனச்சேன். ஒரு நாள் வாயத் தொறந்து கேட்டும் கேட்டுட்டேன். அழுதுட்டே வீட்டுக்குப் போனா. மூணு நாள் வரல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது நான் பண்ணினது. அதுக்கு நீங்க பொறுப்பில்ல. ஆனா நடந்தது அதுதான்."

திரைக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.

வெளியே வரும்போது மருதாசலம் பிரிஸில்லாவின் மேசைமுன் நின்றார். நாற்பத்தேழு ரூபாய்க்கு விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாள் அவருக்கு நினைவு வந்தது. "தப்புப் பண்ணிட்டேன் சாமி. உனக்குக் கெட்ட பேரு ஆயிப்போச்சு" என்றார்.

"பரவால்ல அங்கிள்" என்றாள் அவள். நிமிர்ந்து பார்க்கவில்லை. முப்பத்தெட்டாயிரத்து நூற்றைம்பதுக்கு ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

இசக்கியிடமும் தானே சொல்லவேண்டும் என்று மருதாசலத்துக்குப் பட்டது. வக்கீல் எல்லாம் சொல்லியிருப்பார், இனிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று தேவி சொன்னாள். இருந்தாலும் செவ்வாய்க்கிழமை போன் போட்டார். இசக்கி முதலில் சந்தோஷமாகத்தான் பேசினார். பணம் வந்துவிட்டது, வீடு எப்படி இருக்கிறது, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் கேட்டார். மருதாசலம் நடந்ததைச் சொன்னார்.

"அப்பம் ஜூன் மாசமே ஒங்களுக்குத் தெரியும்ங்கியளா அண்ணாச்சி?"

"ஆமாங்."

"எம் மவளுக்கு அக்டோபர்ல நர்சிங் காலேஜுக்குப் பீசு கட்டணும். வக்கீலம்மாகிட்ட தெனமும் போன் போட்டேன். பாக்கேன், பாக்கேன்னு சொன்னாவ. கடைசில மூணு வட்டிக்கு ஒருத்தன்ட்ட ஒரு லட்சம் வாங்கில்லா கட்டுனேன். அவன் வீட்டு வாசல்ல போய் நின்னது எனக்குத்தான் தெரியும். ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம்ங்."

"நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு நெனச்சுல்லா வீட்டக் குடுத்தேன்."

மருதாசலம் வட்டி எவ்வளவு ஆயிற்று என்று மட்டும் கேட்டார். இரண்டு மாதத்துக்கு ஆறாயிரம். அதைத் தான் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று ஒரு தடவையாவது மறுப்பார் என்று தேவி பக்கத்திலிருந்து எதிர்பார்த்தாள். இசக்கி மறுக்கவில்லை. "சரி, பழைய அக்கவுண்டு நம்பருக்கே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆறாயிரத்துக்குத் தேவி தன் தம்பியிடம் கைமாற்று வாங்கினாள். அந்த மாதம் மகள் வீட்டுக்குப் போகும் திட்டத்தைத் தள்ளிப் போட்டார்கள். காரணத்தை மகளிடம் மருதாசலமே போனில் சொன்னார். அவள், "விடுங்கப்பா, கட்டிட்டா முடிஞ்சுபோச்சு" என்றாள். அவள் சொன்ன வேகத்தில் அது முடியவில்லை. படுத்தால் இசக்கி கடைசியாகச் சொன்ன வாக்கியம் காதில் வந்து நின்றது. முப்பத்தொரு வருடம் கூடுதல் காசு வைத்துக்கொள்ளாமல் இருந்தது நேர்மையாலா, பரிசோதகர்மேல் இருந்த பயத்தாலா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பயந்தான் பெரும்பாலும் என்று தோன்றியது. பார்க்க ஆளில்லாத இடத்தில் முதல் தடவையாக ஒரு கூடுதல் வந்தது. தான் என்ன செய்தோம் என்பது தாளில் கையெழுத்தாக இருக்கிறது. இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. தேவிக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கலாம்.

டிசம்பரிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஓய்வூதியம் வந்த மறுநாள் குன்னூருக்குப் போய் ஐயாயிரம் கட்டிவிட்டு வந்தார். பணத்தை வங்கி வழியாகவே அனுப்பலாம், ஏன் இந்த முழங்காலோடு படியேறி வருகிறீர்கள் என்று ஜெஸிந்தா ஒரு தடவை சொன்னார். மருதாசலம் சிரித்து வைத்தார், நேரில் போவதை நிறுத்தவில்லை. ஜெஸிந்தாவும் ஒரு மாற்றம் செய்திருந்தார். இப்போது எந்தக் கணக்குத்தாளும் இரண்டு பேர் கூட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே போகும். இரண்டாவது ஆள் பிரிஸில்லாதான், தாளின் ஓரத்தில் அவளும் சிறியதாகக் கையெழுத்துப் போடுகிறாள். வேலுமணிக்கு இந்தத் தவணை விஷயம் தெரிந்தபோது, "உன்னத் திருத்தவே முடியாது மருது" என்று தலையில் அடித்துக்கொண்டார். முழு விஷயமும் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று நினைத்தபடி மருதாசலம் டீக்குக் காசு கொடுத்தார்.

பிரிஸில்லா முதல் நாலு மாதம் ரசீது எழுதிக் கொடுத்ததோடு சரி. வார்த்தை பேசவில்லை. அவரும் பேச்சுக் கொடுக்கவில்லை, மன்னிப்பு அப்படிக் கேட்டு வாங்குகிற விஷயமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏப்ரலில் ஒரு நாள் கோடை மழை பிடித்துக்கொண்டு, நனைந்தபடி படியேறிப் போய் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூலையில் இருந்த நாற்காலியை எடுத்துப் போட்டு, "உக்காருங்க அங்கிள், மழை விடட்டும்" என்றாள்.

உட்கார்ந்தார். ஜெஸிந்தா நீதிமன்றம் போயிருந்தார். பிரிஸில்லா ரசீதை எழுதிவிட்டு, எழுதியதை ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தன் அப்பாவும் எஸ்டேட் லைனில்தான் இருக்கிறார், அடுத்த வருடம் அவருக்கு வேலைக்காலம் முடிகிறது, குறைந்த விலையில் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று கேட்டாள். மருதாசலம் தனக்குத் தெரிந்த நாலைந்து இடங்களைச் சொன்னார். சரிவு எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்கச் சொன்னார். சுவர் கட்ட ஆகும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னார். அவள் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டாள்.

ஜூலை மாதத் தவணையோடு எட்டு முடிந்திருக்கிறது. இன்னும் நாலு பாக்கி.